கட்டுக்கு முன் வரும் கேள்விகள்

'புத்தூர்' என்ற பெயரோடு 'கட்டு' என்ற சொல் சேர்ந்தால் தமிழ்நாட்டில் எவருக்கும் நினைவு வருவது திருத்தணியைத் தாண்டி ஆந்திரத்தில் இருக்கிற புத்தூர்தான். முறிந்த எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்த வைத்தியத்தின் பெயர்ப்பலகை இல்லாத ஊர் நம்மிடம் குறைவு. இந்தக் கட்டுரையில் வருவது வேறொரு புத்தூர், வேறொரு கட்டு. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் குழுமாயி அம்மன் காவல் இருக்கும் புத்தூர். அங்கேதான் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தொழில் பழகும் இடம் அது. பெரம்பலூர், அரியலூர், கரூர், புதுக்கோட்டை என்று சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிறவர்களுக்கு அது வெறும் 'ஜி.எச்.'

இப்படிப்பட்ட எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் காலையில் நீளும் வரிசைகளில் ஒன்று கட்டு மாற்றிக்கொள்ள நிற்பவர்களுடையது. பாதி அவிழ்ந்த கட்டோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் மடித்த ஓ.பி. சீட்டோடு நிற்கிறார்கள். என்னவென்று கேட்டால் பலரிடம் ஒரே பதில்தான்: "சுகர் புண்ணு." இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023இல் வெளிவந்தது. நாட்டில் நீரிழிவோடு வாழ்பவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேர். தமிழ்நாட்டில் அது 14.4. அந்த வரிசை அடுத்த பத்தாண்டில் குறையப்போவதில்லை.

கட்டு மாற்றுவது ஒரு வேலை. இந்தப் புண்ணுக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேறொரு வேலை. நெரிசலில் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. பஞ்சு, பீட்டாடின், துணி, ஒட்டுப்பட்டை, அடுத்தவர். நாள்தோறும் மிகுந்த பொறுமையோடு கட்டப்படும் ஒரு புண் மூன்று மாதம் ஆறாமல் கிடக்கிறதென்றால், குறை பெரும்பாலும் கட்டிய கையில் இல்லை. கட்டுக்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமல் போயிருக்கிறது. அந்தக் கேள்விகளை ஒரு வரிசையில் நிறுத்தி, யார் பணியில் இருந்தாலும், எத்தனை பேர் காத்திருந்தாலும், ஒன்றும் விடுபடாதபடி செய்வதைத்தான் ஒழுங்குபடுத்திய முடிவெடுத்தல் என்கிறோம். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடக்கூடிய விஷயம்தான்.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். லால்குடிப் பக்கத்து விவசாயி, வயது 58, பதினோரு வருடமாகச் சர்க்கரை. வலது காலில் பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது பாரம் ஊன்றும் இடத்தில், காசளவு புண். சுற்றிலும் தடித்த காய்ப்பு. இரண்டு மாதமாகிறது. வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்திருக்கிறார். முதலில் மஞ்சளும் வேப்பிலையும், பிறகு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையும் களிம்பும். "வலியே இல்லீங்க சார், அதான் விட்டுட்டேன்" என்கிறார். அவர் சொல்லும் வரலாற்றில் மிக முக்கியமான வாக்கியம் இதுதான். ஆனால் ஆறுதலான செய்தி போல ஒலிப்பதால், கேட்பவர் பல நேரம் கடந்துபோய்விடுகிறார்.

முதல் கேள்வி புண்ணைப் பற்றியதே அல்ல, ஆளைப் பற்றியது: இன்றைக்கே இவர் உயிருக்கோ காலுக்கோ ஆபத்து உண்டா? காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டுகிறதா, நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல் ஓடுகிறதா, மூச்சு 20க்கு மேல் இருக்கிறதா, வெள்ளை அணு எண்ணிக்கை ஏறியிருக்கிறதா? இவற்றில் இரண்டு இருந்து, புண்ணிலும் தொற்று இருந்தால் அவர் கட்டு மாற்றும் வரிசையில் நிற்க வேண்டியவரில்லை, படுக்கைக்குப் போக வேண்டியவர். அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று உணரப்பட்டால், அறுவை அரங்குக்கே. இவை இல்லையென்றால் அடுத்துச் சுற்றுச் சிவப்பை அளக்க வேண்டும். புண் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் லேசான தொற்று. அதைத் தாண்டினாலோ, தோலுக்கு அடியில் ஆழமாக இறங்கியிருந்தாலோ நடுத்தரம். சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் எதுவுமே இல்லையென்றால் தொற்று இல்லை. தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதப்படும் மாத்திரை புண்ணை ஆற்றுவதில்லை. நாளை உண்மையான தொற்று வரும்போது அதே மருந்து பலிக்காமல் போகவே அது வழி செய்கிறது.

இரண்டாவது கேள்வி: ரத்தம் வருகிறதா? பாதத்தின் மேல்புறத்தில் ஒன்றும், உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு இடத்தில் நாடி பார்க்க வேண்டும். விரல் நுனிதான் கருவி. நம் விவசாயிக்கு இரண்டும் நன்றாகத் துடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே அவரைச் சற்றே உட்காரவைத்துவிட்டு, அதே வரிசையில் அடுத்து நிற்கும் இன்னொரு கற்பனை மனிதரைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்றவர், நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர், சர்க்கரையும் உண்டு. குதிகாலில் காசளவு கறுப்பு, காய்ந்து தோல் போல இருக்கிறது. நாடி அகப்படவில்லை. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். 0.9க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாய் அடைப்பு என்று பொருள். இவருக்கு 1.4 வருகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் நிம்மதியடைந்துவிடுவார். நீண்டநாள் சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போனால் அழுத்தம் அளக்கும் பட்டையால் அதை அழுத்தவே முடியாது, அழுத்தம் பொய்யாக ஏறும் என்று தெரிந்தவர் கால்விரலின் அழுத்தத்தை எடுக்கச் சொல்வார், டாப்ளரில் ஓட்டத்தின் ஒலியைக் கேட்பார். விரலில் அது 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரை அவசரமாகப் பார்க்க வேண்டும்.

விவசாயியின் காய்ப்பையும் செத்த சதையையும் கத்தியால் சீவி எடுப்பது சிகிச்சை. ஸ்ரீரங்கத்துக்காரரின் காய்ந்த கறுப்பை அதேபோலச் சீவினால், ரத்தம் வராத இடத்தில் புதுப் புண்ணைத் திறந்துவிட்டோம் என்று அர்த்தம். முதலாமவருக்கு ஈரம் காக்கும் கட்டு நல்லது. இரண்டாமவருக்கு ரத்த ஓட்டம் திரும்பும்வரை உலர்வாக வைத்திருப்பதே பாதுகாப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அளவு, ஒரே நோய், ஒரே வரிசை. ஆனால் முடிவுகள் நேரெதிர். கேள்விகளை வரிசைப்படுத்தி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது. அனுபவமுள்ள அறுவை மருத்துவர் கண்ணாலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் காலை பத்து மணிக்கு அந்த அறையில் நிற்பது பெரும்பாலும் ஒரு ஹவுஸ் சர்ஜனும் ஒரு செவிலியரும்தான்.

மூன்றாவது கேள்வி: கால் உணர்கிறதா? 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் சில இடங்களில் வைத்து, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிக் கேட்பார்கள். இழை கைவசம் இல்லாவிட்டால், விரல் நுனியால் கால்விரல்களை மெல்லத் தொட்டுக் கேட்டாலும் போதும். 2011இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் முன்வைத்த சோதனை அது. ஒரு பைசா செலவில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகூடச் செய்துவிடலாம். நம் விவசாயி பத்து இடத்தில் எட்டில் "தெரியலீங்க" என்கிறார். வலியில்லாத புண் ஏன் என்பது இப்போது புரிகிறது.

இந்த இடத்தில் நம் பக்கத்து மலையில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோர். அந்த மலைச் சிறுவர்களோடு வெறுங்காலில் ஓடித் திரிந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் அவரைக் கூட்டிப்போய் நோயாளிகளின் கைகால்களைக் காட்டினார். தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை', அறுத்தால் ஆறாது, விரல்கள் தாமாகவே அழுகி உதிரும் என்று அன்றைய மருத்துவ உலகமும் நம்பியது. பிராண்ட் அதை நம்ப மறுத்துப் பார்க்கத் தொடங்கினார். யார் எந்த வேலை செய்யும்போது எங்கே புண் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். இரவில் விரல் காணாமற்போவதற்குக் காரணம் எலி என்பதுவரை போனது அந்தத் தேடல். வலி தெரியாததால் கடிக்கும்போது விழிப்பு வரவில்லை. தீர்வாக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

அவர் கண்டது இதுதான்: சதை கெடவில்லை, வலி போய்விட்டது. வலி இருப்பவன் காலில் கல் குத்தினால் நொண்டுகிறான். அந்த நொண்டலே சிகிச்சை. நொண்டாதவன் அதே இடத்தில் ஆயிரம் தடவை மிதிக்கிறான். ஆகவே அவனுக்காக நாம் நொண்ட வேண்டும், அதாவது அந்த இடத்திலிருந்து பாரத்தை இறக்க வேண்டும். அதற்குரிய கருவி முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு ஒட்டிப் படியும் மாவுக்கட்டு. 1930களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. மில்ராய் பால் அவர்களில் ஒருவர். பிராண்ட் அதை வேலூரிலும் கரிகிரியிலும் செப்பனிட்டார். 1960களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கையோடு எடுத்துப்போனார். அங்கிருந்து அது சர்க்கரைக் காலுக்குப் பரவியது. இன்று உலக வழிகாட்டுதல்கள் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் தேர்வாகச் சொல்லும் கழற்ற முடியாத பாரம் இறக்கும் முறையின் வேர்களில் ஒன்று வட தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. இதை நம் மருத்துவ மாணவர்கள் பெருமையோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"புண்ணுக்கு மாவுக்கட்டா?" என்று விவசாயி கேட்கிறார். எலும்புதான் முறியவில்லையே. நியாயமான கேள்வி. பதில் 2001இல் வந்த ஓர் ஒப்பீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் போட்டவர்களில் 65 பேருக்கு. இரண்டும் பாரத்தை ஏறத்தாழ ஒரே அளவில்தான் இறக்குகின்றன. பிறகு ஏன் இந்த வேறுபாடு? அதே குழுவினர் 2003இல் பூட்ஸிலும் இடுப்பிலும் நடை எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் எடுத்துவைத்த அடிகளில் 28 விழுக்காடு மட்டுமே பூட்ஸோடு. வீட்டுக்குள் வந்ததும் வாசலில் கழற்றிவிட்டார்கள். அமெரிக்காவிலேயே அப்படி என்றால், செருப்பை வாசலில் விடுவது மரியாதையாக ஊறிப்போன நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் விவசாயிக்குத் தொற்று லேசாக இருப்பதால், மாவுக்கட்டுக்கு முன் அது அடங்க ஒரு வாரம் மருந்து. அதற்கிடையில் இன்னொரு சோதனை: கிருமி நீக்கிய உலோகக் குச்சியால் புண்ணின் அடியைத் தொட்டுப் பார்ப்பது. கல்லில் பட்டதுபோல் கடினமாக இடறினால் எலும்பு வரை போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்புத் தொற்று தெரிய இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், இன்று எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும் அது சமாதானமாகாது. சீழைப் பரிசோதனைக்கு அனுப்புவதாக இருந்தால் மேலே பஞ்சை உருட்டி எடுத்ததை அனுப்புவதில் பயன் குறைவு. கழுவி, செத்த சதையை நீக்கி, அடியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து அனுப்ப வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எந்தக் கட்டு என்ற கேள்விக்கே இடம் வருகிறது. 1962இல் ஜார்ஜ் வின்ட்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், காற்றில் காயவிட்ட காயத்தைவிட ஈரம் காத்து மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. 'புண்ணைக் காத்தாட விடு' என்ற நம் வீட்டு அறிவுரைக்கு அது நேர் எதிர். 2003இல் இந்தக் கட்டத்துக்கும் ஒரு வரிசை வகுத்தார்கள். செத்த திசு, தொற்று, ஈரம், விளிம்பு என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் பார்ப்பது. அதற்குமேல் எந்தக் கட்டு என்பது வசதியைப் பொறுத்தது. விலையுயர்ந்த வெள்ளிக் கட்டுகளைப் பற்றி, விளம்பரங்கள் பேசுவதைவிடக் குறைவாகவே பேச வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டும். புண் வந்தவருக்கு முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது, சீழ் வைக்கும் என்பது நம் வீடுகளில் வேரோடிய பத்தியம். வெறும் ரசஞ்சோறும் ரொட்டியுமாக இருக்கும் உடம்பு எதை வைத்துப் புதுச்சதை கட்டும்? புரதம்தான் அதற்குக் கல்லும் மண்ணும். மேலைநாட்டுப் படிவங்களில் 'ஊட்டச்சத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் படிவத்தில் அதை 'வீட்டில் என்னென்ன சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்?' என்றே அச்சிட வேண்டும். கேள்வியை அப்படிக் கேட்டால்தான் பதில் வரும்.

ஒரு காலின் புண்ணுக்கு இத்தனை கேள்விகள் என்றால், அவற்றுக்குப் பதில் ஒரே துறையில் கிடைக்காது. சர்க்கரைக்குப் பொது மருத்துவர், சதைக்கு அறுவை மருத்துவர், குழாய்க்கு இன்னொருவர், மாவுக்கட்டுக்கு எலும்புப் பிரிவு, செருப்புக்கு வேறொருவர், எல்லாவற்றுக்கும் நடுவில் செவிலியர். பலர் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் இந்த யோசனை நம் மண்ணில் புதிதில்லை. ஸ்ரீரங்கம் கோயில் தன்வந்திரி சந்நிதியோடு சேர்ந்த ஆரோக்கியசாலை படையெடுப்பில் அழிந்தபின் கருடவாகன பட்டர் மரபில் வந்தவர் அதைச் சீர்ப்படுத்தியதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கும் நானூறு ஆண்டு முந்தி, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலையின் ஆட்களைப் பட்டியலிடுகிறது. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் நம்முடையது.

இந்தக் கேள்விகளை அச்சிட்ட படிவத்துக்கும் ஆபத்து உண்டு. அதை நிரப்புவதே வேலையாகிப்போனால், கட்டங்கள் நிரம்பும், கால் பார்க்கப்படாது. பிராண்ட் பாதத்தைத் தன் உள்ளங்கையால் தடவி எங்கே சூடு கூடியிருக்கிறது என்று தேடுவாராம். இன்று அதற்கு எண் இருக்கிறது: இரு பாதங்களின் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எச்சரிக்கை. எண்ணைத் தெரிந்துவைத்திருப்பவரும் முதலில் உள்ளங்கையைத்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எளிதாக விடுபடுவது அளவு. 'புண் பரவாயில்லை', 'கொஞ்சம் தேவலை' என்று எழுதப்பட்ட சீட்டுகளிலிருந்து யாராலும் முடிவெடுக்க முடியாது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் ஒவ்வொரு வாரமும் எழுத வேண்டும். ஸ்கேல் போதும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு நான்காவது வாரத்தை ஒரு திருப்பமாகக் காட்டியது. அதற்குள் பரப்பளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தவர்களில் 58 விழுக்காட்டினருக்குப் பன்னிரண்டாம் வாரத்தில் புண் ஆறிவிட்டது. குறையாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கே. ஆகவே நான்கு வாரம் ஆகியும் பாதியாகவில்லையென்றால் அதே கட்டை ஐந்தாம் வாரமும் தொடர்வது பொறுமை ஆகாது. முதல் கேள்விக்குத் திரும்பி எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டும்: தொற்று, ரத்தம், எலும்பு, பாரம், சாப்பாடு.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் வந்திருக்கிறது. மாத்திரை கொடுக்க வரும் கை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நிமிடம் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டால், புத்தூர் வரிசையில் நிற்க வேண்டியவர்களில் கணிசமானோர் நிற்கவேண்டியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

விவசாயிக்கு வருவோம். முதல் நாள் 3 சென்டிமீட்டர் நீளம், 2 அகலம். தொற்று அடங்கி மாவுக்கட்டுப் போட்டு, வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி போட்டு, நான்காம் வாரத்தில் 2 நீளம், 1.3 அகலம். பரப்பில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இதே வழி தொடரட்டும் என்று சீட்டில் எழுதுகிறார்கள். ஆறிய பிறகு எம்.சி.ஆர். எனும் மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்பு. ஆறிய காலும் பத்திரமான கால் அல்ல. சர்க்கரைப் புண் ஆறியவர்களில் ஓர் ஆண்டுக்குள் சுமார் 40 விழுக்காட்டினருக்கு மறுபடி வருகிறது, ஐந்தாண்டில் 65 விழுக்காட்டினருக்கு.

எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்கிறார்: "சித்திரையில சமயபுரத்துக்கு நடந்து போற வேண்டுதல் இருக்கு. போலாங்களா?" ஸ்ரீரங்கத்துப் பிராகாரக் கல்லும் சமயபுரத்துத் தார் ரோடும் சித்திரை நடுப்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பது இந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். உணர்வில்லாத பாதத்துக்கு மட்டும் தெரியாது. வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் கண் சொல்லும். படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. செவிலியர் சீட்டை வாங்கி ஓரத்தில் பேனாவால் எழுதுகிறார்: 'வேண்டுதல் — பஸ்ஸில். விடியற்காலை. கோயிலுக்குள் தடித்த சாக்ஸ். வந்தவுடன் மனைவி காலைப் பார்க்க வேண்டும்.'